பதவி உயர்ந்த தண்ணீர்க் கப்பல்

பேரரசின் விண்படையில் ஓர் அதிகாரிக்குப் பதவி உயர்ந்தால், அவர் நிற்கும் கப்பலுக்கும் கூடவே பதவி உயரும். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். உள்ளே இருப்பவர்களுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு கிடையாது. முதலாவது பேரரசர் காலத்தில் ஒரு தளபதி, தன் தகுதிக்குக் குறைந்த கப்பலில் ஏறமாட்டேன் என்று துறைமுகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கேற்ற பெரிய கப்பலைக் கட்டி முடிக்க வருஷக்கணக்கில் ஆகும். பேரரசருக்கு அவ்வளவு பொறுமை ஏது? 'அவர் எதில் ஏறுகிறாரோ அதுவே பெரிய கப்பல்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். இரும்பும் எஞ்சினும் பீரங்கியும் கப்பலின் வெறும் உடம்பு, அதன் உயிர் அதிகாரியின் தோள்பட்டையில் இருக்கிறது என்று பயிற்சிப் பள்ளியில் முதல் பாடமாகவே வைத்திருந்தார்கள்.

படைகள் மொத்தம் ஏழு. முதல் படை அணிவகுப்புக்கு. இரண்டாம் படை, முதல் படைக்குப் பாதுகாப்பு. மூன்றாம் படை பேரரசரின் உறவினர்கள் காற்று வாங்கப் போய்வருவதற்கு. நான்காம் படை பழுதுபார்ப்பில் இருந்தது, என்றைக்குப் பழுதானது என்பது யாருக்கும் நினைவில்லை. ஐந்தாம் படை காகிதத்தில் மட்டும் உண்டு. ஆறாம் படையின் வேலை, ஐந்தாம் படை எங்கே என்று தேடுவது. மிச்ச வேலைகளை, அதாவது வேலை என்று சொல்லத்தக்க அத்தனையையும், ஏழாம் படை செய்தது.

அந்த ஏழாம் படையில் தண்ணீர்க் கப்பல் ஓட்டியவரைத்தான் எல்லாரும் குடத்தார் என்று கூப்பிட்டார்கள். அவருடைய கப்பல் கழுத்து சிறுத்து வயிறு பெருத்துக் குடம் போலவே இருக்கும். காலப்போக்கில் அவரும் அந்த உருவத்துக்கு வந்துவிட்டார். பனிக்கோளில் ஐஸை வெட்டி ஏற்றி, வரும் வழியில் எஞ்சின் சூட்டிலேயே உருக்கி, தலைமையகக் குடியிருப்பில் வசிக்கும் அதிகாரிகளின் குடும்பங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. கப்பலில் அவரைத் தவிர எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அக்கா, ஒரு சமையல்காரர், குழாய் பிடிக்கும் இரட்டைப் பிள்ளைகளான இரண்டு தடியர்கள். அவ்வளவுதான் ஜனத்தொகை.

அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை அவர் மனைவிக்குத்தான். குடியிருப்பில் மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கும். கணவரின் கப்பல் என்ன வகுப்போ, அந்த வரிசையில்தான் மனைவிக்கு நாற்காலி. பக்கத்து வீட்டுக்காரியின் கணவர் சலவைக் கப்பல் ஓட்டினார். ஆனால் அவருக்கு அலுவலகத்தில் சித்தப்பா ஒருவர் இருந்தார். எனவே சலவைக் கப்பல் மளமளவென்று உயர்ந்து முதல் வகுப்புப் போர்க்கப்பலாகி, பக்கத்து வீட்டுக்காரி முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"அழுக்குத் துணி ஏத்துறது போர்க்கப்பல். குடிக்கிற தண்ணி ஏத்துறது மூணாம் வகுப்பு நீர்வண்டி. இதுல என்னங்க நியாயம் இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டுமே வண்டிதான்," என்றார் குடத்தார்.

"உங்களுக்கு ரோஷமே வராதா?"

"வரும். தண்ணி எறக்கி முடிச்சதும் வரும்."

அவள் அவரை நம்பி இருக்கவில்லை. அவளுடைய அண்ணன் படை அமைப்பு அலுவலகத்தில் நல்ல நாற்காலியில் இருந்தார். வாராவாரம் அண்ணன் வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். அண்ணிக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. அண்ணன் கடைசியில், தங்கைக்காக இல்லாவிட்டாலும் தன் வீட்டு நிம்மதிக்காக, குடத்தாருடைய பெயரைப் பட்டியலில் மேலே தள்ளிவிட்டார். கையெழுத்தாகி வந்த அன்று குடத்தார் முதல் வகுப்புக் கேப்டன். அவருடைய தண்ணீர்க் கப்பல் முதல் வகுப்புப் போர்க்கப்பல்.

மறுநாள் துறைமுகத்துக்குப் பெயின்டர் வந்தார்.

"சார், பீரங்கி எத்தனை வரையட்டும்?"

"பீரங்கி எதுக்குப்பா? ஓரமா பேரை மட்டும் மாத்தி எழுதிட்டுப் போ."

"முதல் வகுப்புன்னா பீரங்கி இருந்தே ஆகணும் சார். கறுப்பு பெயின்ட் கொஞ்சமாத்தான் இருக்கு. வாய் மட்டும் வட்டமா போட்டுடுறேன்."

எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டிய மெக்கானிக் அக்கா, "வாய் மட்டும் போதும்யா. இந்தப் படையில மத்தவங்களுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள்.

பெயின்டர் வரிசையாகக் கறுப்பு வட்டங்களைப் போட்டுவிட்டுப் போனார். பெயின்ட் காய்வதற்குள் வழிந்து, ஒவ்வொரு பீரங்கி வாயிலிருந்தும் எச்சில் ஒழுகுவது போலாகிவிட்டது. குடத்தார் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், நன்றாகத்தான் இருக்கிறது என்றும் பட்டது. அந்த மாதக் கூட்டத்தில் அவர் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அடுத்த நாற்காலி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடைசிவரை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கழுத்து வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அடுத்த கூட்டம்வரைகூட நிற்கவில்லை. எல்லையில் ஒரு சுரங்கக் கோளைக் கொள்ளைக் கூட்டம் சுற்றி வளைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. துறைமுகத்து ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் வகுப்புப் போர்க்கப்பல்கள் அனைத்தும் உடனே எல்லைக்குப் புறப்பட வேண்டும். விடுப்புகள் ரத்து.

சமையல்காரர் கையில் கரண்டியோடு வெளியே வந்தார். "யாரையோ போகச் சொல்றாங்க போலிருக்கே சார்?"

"நம்மளத்தான்," என்றாள் மெக்கானிக் அக்கா.

தடியர்கள் இருவரும் கையிலிருந்த குழாயைப் பார்த்தார்கள். பிறகு குடத்தாரைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூட அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். முதல் வரிசை நாற்காலி ஒன்றுக்காக இந்த நாலு பேரையும் கொண்டுபோய்ப் பலி கொடுக்கப் போகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அமைப்பு அலுவலகத்துக்கு ஓடினார்.

மச்சானுடைய அறையில் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்திருந்தது. பலகையில் வரிசை வரிசையாக ஆணிகள். ஆணிகளில் மரத்தால் செய்த குட்டிக் கப்பல்கள் தொங்கின. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். பதவி உயர்வு என்றால் ஒன்றை எடுத்து மேல் ஆணியில் மாட்டுவார்கள். அறையின் ஜன்னல் பூந்தோட்டத்தைப் பார்த்து இருந்தது. நிஜக் கப்பல் ஒன்றை அந்த அறையிலிருந்து பார்க்க வழியே இல்லை. பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"வாங்க மாப்ள, உக்காருங்க. முன்னெல்லாம் உங்களுக்கு முக்காலிதான் போடுவோம். இப்ப நாற்காலியே போடலாம்," என்றார் மச்சான்.

"மச்சான், என்னை எறக்கி விட்டுடுங்க."

"எதுலேருந்து?"

"பதவியிலேருந்துதான்."

மச்சான் பேனாவை மூடி வைத்தார். "இந்தக் கதவைத் தட்டி ஏத்தி விடுங்கன்னு அழுதவங்க ஆயிரம் பேரு. எறக்கி விடுங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான். மாப்ள, ஏத்தினது யாரு?"

"நீங்கதான்."

"கையெழுத்துப் போட்டது?"

"பேரரசர்."

"உங்களை எறக்கினா, அவர் தப்பா ஏத்திட்டார்னு ஆகும். அவர் தப்பு பண்ணுவாரா?"

"பண்ணமாட்டார்."

"அப்புறம் என்ன? சும்மா என்னை வம்புல மாட்டி விடாதீங்க."

"மச்சான், கப்பல் பூரா தண்ணி. சுட்டாங்கன்னா நான் எதை வச்சு அடிப்பேன்? குழாயைத் திறந்து விடட்டுமா?"

மச்சான் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "பலகையில போர்க்கப்பல்னுதான் தொங்குது. எனக்குப் பலகை சொல்றதுதான் தெரியும்."

"ராஜினாமா பண்ணிட்டா?"

"தாராளமா பண்ணுங்க. உங்க எடத்துல வேற ஒரு முதல் வகுப்பு ஆளைப் போடுவோம். கப்பல் போகும், உங்க ஆளுங்களும் போவாங்க. நீங்க மட்டும் வீட்ல இருக்கலாம்." மச்சான் குரலைத் தாழ்த்தி, அன்பாகச் சொன்னார். "தங்கச்சியை நெனச்சுக் கவலைப்படாதீங்க மாப்ள. போர்ல போனவங்க சம்சாரத்துக்கு முதல் வரிசையிலயே தனி நாற்காலி உண்டு. மெத்தை வச்சது."

குடத்தார் வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். மெத்தை வைத்த நாற்காலி வரைக்கும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணனா அப்படிச் சொன்னாரு?"

"பாசமாத்தான் சொன்னாரு."

"எனக்கு மெத்தையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்." வெகுநேரம் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். படையின் சட்டதிட்டங்கள் குடத்தாருக்கு அரைகுறை. அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். யார் எந்த நாற்காலியில், ஏன் உட்கார்ந்தார்கள் என்பதை வருஷக்கணக்காகக் கவனித்து வந்தவள்.

"பக்கத்து வீட்டுக்காரர் வயித்து வலின்னு ஒரு மாசம் லீவு போட்டாரே, ஞாபகம் இருக்கா? அப்ப அவர் கப்பலை யார் ஓட்டினா?"

"துணி தேய்க்கிற ஆளு ஒருத்தன்."

"அவனுக்கு என்ன பதவி?"

"அவனுக்கு ஏது பதவி? இஸ்திரிப் பெட்டிதான்."

"அந்த மாசக் கூட்டத்துல அவ எங்க உக்காந்தா தெரியுமா? கடைசி வரிசை. தூணுக்குப் பின்னாடி. பதவியே இல்லாத ஆளு ஓட்டினா அது கப்பலே கெடையாதாம். கூடைன்னு எழுதிட்டாங்க. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிச்சேனே."

குடத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்காவுக்குப் பதவி உண்டா?" என்று கேட்டாள் மனைவி.

"மெக்கானிக்குக்கு ஏது?"

"அப்ப சாவியை அவங்க கையில குடுங்க. கப்பல் தொட்டியாயிடும். தொட்டியை எந்த மடையனும் போருக்குக் கூப்பிட மாட்டான். நீங்க மட்டும் வேற எதுலயாவது ஏறி நிக்கணும், போர்க்காலத்துல லீவு கெடையாதில்ல." அவர் தொப்பியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "நல்லதா, கெட்டியானதாப் பார்த்து ஏறுங்க."

கெட்டியானது ஒன்று துறைமுகத்தில் இருந்தது. தண்ணீர்க் கப்பலுக்குப் பக்கத்துத் துறையில் மலை மாதிரி நின்றது. பெயின்டில் வரையாத நிஜப் பீரங்கிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. போருக்கென்றே கட்டப்பட்ட கப்பல். ஆனால் அதன் தலைவியாக வந்த லெப்டினன்ட்டுக்கு அலுவலகத்தில் அண்ணனோ சித்தப்பாவோ தூரத்து ஒன்றுவிட்ட மாமாவோ இல்லை. தலை நரைத்த பிறகும் லெப்டினன்ட்டாகவே இருந்தாள். எனவே அந்தக் கப்பல் படிப்படியாகக் கீழிறங்காமல், அவள் ஏறிய அன்றே ஒரேயடியாக நான்காம் வகுப்பு இழுவைப் படகு ஆகிவிட்டது. காய்கறி வரும் மிதவைகளைத் துறைக்குள் இழுத்து விடுவது அதன் வேலை.

குடத்தார் ஏறிப் போனபோது பீரங்கிகளின் நீளத்துக்குக் கொடிகட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். லெப்டினன்ட் ஒரு பீரங்கியின் அடியில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் சுடுமா?" என்று கேட்டார் குடத்தார்.

"சுடும் சார். சுடச் சொல்லித்தான் யாரும் கேட்டதில்ல."

"நான் இந்தக் கப்பலுக்கு மாத்தல் வாங்கிட்டு வந்தா உங்களுக்கு வருத்தம் உண்டா?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குப் பீரங்கி சுடத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"கப்பலைத் திருப்ப?"

"குடத்தைத் திருப்பியிருக்கேன்."

"அப்ப நீங்க இங்க வந்து என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன்," என்றார் குடத்தார். "நான் மேல நின்னா இது முதல் வகுப்பு. எல்லைக்குப் போகலாம். மத்ததெல்லாம் நீங்க பார்த்துக்கணும்."

லெப்டினன்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு மேலதிகாரியாக வந்தவர்களில், தனக்கு ஒன்றும் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னவர் இவர்தான். "எங்க நிக்கணும்னு நான் சொல்றேன். அங்கேயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க," என்றாள்.

மாற்றல் உத்தரவுக்கு மச்சான் யோசிக்கவே இல்லை. ஏற்றவும் இறக்கவும்தான் பேரரசர் வேண்டும். பக்கவாட்டில் தள்ளுவதற்கு மச்சானே போதும். பழைய கப்பலின் சாவியை யாரிடம் விட்டுப்போவது என்பது மாற்றலாகிப் போகிறவர் பாடு. அன்று சாயங்காலமே மெக்கானிக் அக்காவின் கையில் சாவி வந்தது. தண்ணீர்க் கப்பல் தொட்டியாயிற்று. பலகையிலிருந்து அதன் மரப்பொம்மையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார்கள்.

"தொட்டிக்கு டிரைவர் ஆயிட்டேன்," என்றாள் அக்கா. "வீட்ல சொன்னா பெருமைப்படுவாங்க. சார், பத்திரமா போயிட்டு வாங்க. அந்தம்மா சொல்றதக் கேளுங்க."

எல்லையில் முதல் வகுப்புப் போர்க்கப்பல்கள் ஒன்றுகூடியிருந்த காட்சியை, வாய்ப்பு கிடைத்தால் பேரரசரே வந்து பார்த்திருக்க வேண்டும். சலவைக் கப்பல் வந்திருந்தது. தளபதிகளின் மேஜை நாற்காலிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் வந்திருந்தது. வாத்தியக் குழுவின் கப்பல் வந்திருந்தது. மிதக்கும் சமையற்கட்டு புகைவிட்டுக்கொண்டு வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் விலாவில் கறுப்பு வட்டங்கள். விருந்துகளில் மூத்தவர் முன்னால் உட்கார வேண்டும் என்று அடித்துக்கொள்கிறவர்கள், இங்கே மூத்தவர் பின்னால் நிற்பதுதான் மரபு என்று அடித்துக்கொண்டார்கள். வாத்தியக் கப்பல் கேப்டன் தன் பிறந்த தேதியையே முன்னுக்குத் தள்ளிச் சொன்னார். கடைசியில் இருப்பவர்களிலேயே புதியவர் குடத்தார்தான் என்று கண்டுபிடித்து, ஏகமனதாக, கைதட்டி, அவரை முன்னால் அனுப்பினார்கள்.

கொள்ளைக்காரர்களுக்கு இந்தப் படையைப் பற்றித் தெரியும். அவர்கள் வரையப்பட்ட பீரங்கிகளை முன்பே பார்த்திருக்கிறார்கள். எனவே அவசரமே இல்லாமல், சந்தைக்கு வருகிறவர்கள் மாதிரி, பேசிச் சிரித்துக்கொண்டு கிட்டத்தில் வந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் வரட்டும்," என்றாள் லெப்டினன்ட்.

"வந்துட்டாங்களே," என்றார் குடத்தார். அவள் காட்டிய இடத்திலேயே, ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

அவசரத்தில் ஒரு பீரங்கியின் கொடியை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். முதல் குண்டு ஒரு போர்வையையும் இரண்டு பனியனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனது. குண்டு கொள்ளைக்காரர்களின் முன்கப்பலுடைய வாலைப் பிய்த்தது. போர்வை அடுத்த கப்பலின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. கண் தெரியாமல் அது தன் கூட்டத்துக்குள்ளேயே மோதியது. லெப்டினன்ட் அடுத்தடுத்து இன்னும் சிலவற்றை வைத்தாள், அவை துணி இல்லாமலே போய்ச் சேர்ந்தன. கொள்ளைக் கூட்டம் வந்த வழியே ஓடியது. பின்னாலிருந்து வாத்தியக் கப்பல் வெற்றி முழக்கம் வாசிக்க ஆரம்பித்தது. அந்த வேலையை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

போர் நடந்த நேரத்தைவிட அதைப் பற்றி அறிக்கை எழுதத்தான் அதிக நாள் பிடித்தது. அறிக்கையில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. சலவைக் கப்பல், எதிரியின் கண்ணைக் கட்டும் போர்வைத் தந்திரத்தை வகுத்ததாக எழுதிக்கொண்டது. லெப்டினன்ட்டைப் பற்றி ஒரு வரி இருந்தது. படைத் துணிகளைக் கவனக்குறைவாக இழந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

குடத்தாருக்குப் பெருந்தளபதிப் பதவி என்று செய்தி வந்தது. உத்தரவைத் தங்கப் பெட்டியில் வைத்து ஒரு அறிவிப்பாளர் எல்லைக்கே வருகிறார், கப்பலின் மேல்தளத்தில் வைத்து வாசிப்பார் என்றார்கள்.

அன்று சுரங்கக் கோளிலிருந்து ஒரு பெண், ஊர்ச் சார்பில் நன்றி சொல்ல வந்தாள். முகமெல்லாம் கரி. பீரங்கியைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கப்பல் இங்கேயேதானே இருக்கும்? அவனுங்க திரும்ப வருவானுங்க. எப்பவும் வருவானுங்க."

"இருக்கும்மா," என்றார் குடத்தார்.

அவள் போனபிறகு லெப்டினன்ட் சொன்னாள்: "இருக்காது சார். பெருந்தளபதி நிக்கிற கப்பல் தலைமைக் கப்பல். அது அரண்மனை வாசல்லதான் நிக்கணும். பீரங்கியில மண்ணைக் கொட்டிப் பூச்செடி வச்சிடுவாங்க."

"உங்களுக்கும் பதவி உயர்வு கேட்டு எழுதட்டுமா?"

"வேணவே வேணாம். என்னை இழுவைப் படகாவே விட்டுடுங்க. இழுவைப் படகை அணிவகுப்புக்குக் கூப்பிட மாட்டாங்க, யாருக்கும் ஞாபகமும் இருக்காது. நான் பாட்டுக்கு இங்க கெடப்பேன்."

"பதவி வேணாம்னு எழுதி அனுப்பிடட்டுமா?"

"பேரரசர் குடுத்ததை வேணாம்னா ராஜதுரோகம் சார். நீங்க ஏத்துக்கத்தான் வேணும். எதுல நின்னு ஏத்துக்குறீங்கங்கிறதுதான் கேள்வி."

குடத்தாருக்கு ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. இந்த மேல்தளத்தில், இந்தப் பீரங்கிகளுக்கு நடுவில் நின்று பெருந்தளபதி என்று கேட்டால் எப்படியிருக்கும் என்று ஒருதரம் கண்ணை மூடிப் பார்த்தார். மிக நன்றாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது கரி படிந்த விரல் தடம் பீரங்கியின்மேல் இருந்தது.

மெக்கானிக் அக்காவின் தொட்டி, படைக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றிருந்தது. அறிவிப்பாளர் பெட்டியோடு வந்து இறங்கியபோது பெருந்தளபதி அங்கேதான், தொட்டியின் மூடிமேல் விறைப்பாக நின்றார்.

"இங்கயா வாசிக்கணும்?" என்று அறிவிப்பாளர் மூக்கைச் சுருக்கினார்.

"அவர் எதில் ஏறுகிறாரோ அதுவே பெரிய கப்பல்," என்றார் குடத்தார். "முதல் பாடம்."

அறிவிப்பாளர் வாசித்தார். வாசித்து முடித்த நொடியில், பேரரசின் விண்படைக்குத் தலைமைக் கப்பல் ஒரு தண்ணீர்த் தொட்டி. மெக்கானிக் அக்கா கீழேயிருந்து, "சார், இப்ப நான் காலை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் பெரிய கப்பல் சத்தமில்லாமல் நான்காம் வகுப்பு இழுவைப் படகாகி, மறுபடியும் துணி காயப்போட்டது.

தொட்டிக்குத் தங்கப் பூச்சுப் பூசினார்கள். அரண்மனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே இருந்த தண்ணீரோடு சேர்த்து முத்திரை வைத்தார்கள். தலைமைக் கப்பலின் சரக்கைக் குழாய் வழியாக வீட்டுக்கு வீடு விடுவது பேரரசுக்கு இழுக்காம். குடியிருப்புக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது என்று எழுதிக் கேட்டதற்கு, ஐந்தாம் படை கொண்டுவரும் என்று அமைப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

குடத்தாரின் மனைவிக்கு மேடையிலேயே நாற்காலி போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. இப்படியொரு நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் வாளியோடு தெருக்குழாயடிக்குப் போனார்கள். அங்கேயும் பதவிப்படிதான் வரிசை. அவள்தான் முதல் ஆள். குழாயைத் திருகினாள். காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். இன்னும் கொஞ்சம் காற்று வந்தது.

அன்று கணவர் வீட்டுக்கு வந்ததும், தொப்பியை வாங்கி மாட்டக்கூட இல்லை. "என்னங்க, போர்தான் முடிஞ்சிருச்சே. இப்ப லீவு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. எதுக்கு?"

"வயித்து வலின்னு போடுங்க. வாரத்துல ஒரு நாள்."

குடத்தாருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும், "லீவு அன்னிக்கு நீ தூணுக்குப் பின்னாடி உக்காரணுமே," என்றார்.

"தூணுக்குப் பின்னாடி காத்து நல்லா வரும்," என்றாள்.

அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் பெருந்தளபதிக்கு வயிறு வலிக்கும். அவர் இறங்குவார், மெக்கானிக் அக்கா சாவியை வாங்குவாள், பேரரசின் தலைமைக் கப்பல் தொட்டியாகிவிடும். தொட்டிக்கு முத்திரை வைக்கச் சட்டத்தில் இடமில்லாததால் அக்கா முத்திரையைக் கிழித்துவிடுவாள். தொட்டி தங்கப் பூச்சோடு பனிக்கோளுக்குப் போய் ஐஸ் ஏற்றிக் குடியிருப்புக்கு வரும். தெருவில் வாளிகளின் வரிசை காத்திருக்கும். சலவைப் போர்க்கப்பல்காரர் மனைவி முதலில் நிற்பாள். தொட்டிக்காரர் மனைவி வரிசையின் கடைசியில், தெரு முனையில் நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

மெக்கானிக் அக்கா வரிசையை மேலும் கீழும் ஒருதரம் பார்ப்பாள். பிறகு தடியர்களிடம், "குழாயை எடுத்துக்கிட்டு அந்தக் கடைசிக்குப் போங்கடா," என்பாள். "அங்கேருந்து ஆரம்பிப்போம்."